தரைவீட்டில் ஹீட் பம்ப் சுடுநீர்: வெளிச்சுவரில் காப்பிட்ட குழாய்களைக் கொண்டுசெல்வது எப்படி

தரைவீட்டுக்கு ஹீட் பம்ப், அதாவது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம், வாங்கப்போகிறவரிடம் விற்பனையாளர் பேசுவதெல்லாம் இயந்திரத்தைப் பற்றியே இருக்கும்: தொட்டி எத்தனை லிட்டர், மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும், உத்தரவாதம் எத்தனை ஆண்டு. வெளியே நிற்கும் இயந்திரத்துக்கும் உள்ளே இருக்கும் குளியலறைக்கும் நடுவில் ஓடுகிற குழாய்க்கு விலைப்பட்டியலில் ஒரே ஒரு வரிதான் கிடைக்கும். ஆனால், இயந்திரம் மிச்சப்படுத்தித் தருகிற மின்சாரத்தில் எவ்வளவு கையில் நிற்கும் என்பதை அந்த ஒற்றை வரிக்குள் அடங்கிய வேலைதான் முடிவுசெய்கிறது.

ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாக்கும். சிங்கப்பூரில் குழாயில் வரும் தண்ணீரே ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸில் இருப்பதால், 200 லிட்டரை 55 டிகிரிக்குச் சூடாக்க 6.3 கிலோவாட் மணி வெப்பம் போதும். நம் வெப்பமான காற்றிலிருந்து ஹீட் பம்ப் ஒரு பங்கு மின்சாரத்துக்கு நான்கு பங்கு வெப்பம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், மின்சாரச் செலவு 1.6 கிலோவாட் மணிதான். இப்போது 22 மில்லிமீட்டர் செப்புக் குழாய் ஒன்று எந்த உறையும் இல்லாமல் வெளிச்சுவரில் பத்து மீட்டர் ஓடுகிறது, அதில் சுடுநீர் நாள் முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காற்றில்லாத இடத்தில்கூட ஒரு மீட்டருக்கு 19 வாட் வீதம் வெப்பம் வெளியேறும். பத்து மீட்டருக்கு ஒரு நாளில் நாலரை கிலோவாட் மணி போய்விடும். தொட்டி முழுவதையும் சூடாக்கத் தேவையான வெப்பத்தில் முக்கால் பங்கு அளவுக்கு, குழாய் வழியாகவே தெருவுக்குப் போகிறது. மழை அடித்தால் அது இன்னும் கூடும்.

இந்தத் துறையில் எளிதில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்டவை. குழாய் உறைந்து வெடிக்காமல் காப்பது, உறைதடுப்புத் திரவம் கலப்பது, உறைபனி வால்வு வைப்பது என்று பாதிப் பக்கங்கள் அதற்கே போய்விடும். அவை எதுவும் நமக்கு வேண்டாம். நம் ஊரில் காப்புறையைக் கெடுப்பவை வெயில், பக்கவாட்டில் அடிக்கும் மழை, காற்றிலுள்ள ஈரம் ஆகிய மூன்றும்தான். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த மூன்றையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொட்டியுள்ள சுடுநீர்க் கருவியின் தண்ணீர்க் குழாய் இணைப்பை, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர்தான் செய்யவேண்டும். மின் இணைப்பை, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்யவேண்டும். இந்தக் கட்டுரை அவர்களுடைய வேலையை நீங்களே செய்துகொள்வதற்கு அல்ல. பாதையைத் திட்டமிடவும், சரியான பொருளைக் கேட்டு வாங்கவும், வேலை நடக்கும்போது எதைப் பார்க்கவேண்டும் என்று அறிந்திருக்கவும் இது உதவும். அடுக்குமாடியில் வசிப்போருக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. கூட்டுரிமை வீடுகளில் வெளிச்சுவர் நிர்வாகக் கழகத்தின் பொறுப்பில் இருக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வெளிச்சுவரில் புதிதாக எதையும் பொருத்துவதற்கு முன் கழகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதற்படி: குழாய்க்குள் ஓடப்போவது எது?

ஹீட் பம்ப் சுடுநீர்க் கருவிகள் மூன்று விதமாக வருகின்றன. தொட்டியும் இயந்திரமும் ஒரே உடலாக இருப்பது முதல் வகை; இதில் வெளியே ஓடுவது குளியலறைக்குப் போகும் சுடுநீர்க் குழாய் மட்டுமே. இரண்டாவது வகையில் இயந்திரம் வெளியிலும் தொட்டி வேறோர் இடத்திலும் இருக்க, இரண்டுக்கும் நடுவே தண்ணீரே போய் வரும். மூன்றாவது வகையில் தண்ணீருக்குப் பதிலாகக் குளிரூட்டி வாயு, ஏர்கானில் இருப்பதைப் போன்ற இரண்டு மெல்லிய செப்புக் குழாய்களில் போய் வரும்.

மூன்றாவது வகையில்தான் கவனம் அதிகம் தேவை. குழாய் பார்ப்பதற்கு ஏர்கான் குழாயைப் போலவே இருப்பதால், ஏர்கான் பொருத்துவோர் வழக்கமாகப் பயன்படுத்தும் காப்புறையையே மாட்டிவிட்டுப் போக வாய்ப்புண்டு. ஏர்கானில் தடித்த குழாய் குளிர்ந்திருக்கும்; வியர்க்காமல் காப்பதுதான் அங்கே நோக்கம். ஹீட் பம்பில் அழுத்தப்பட்ட வாயு 70 டிகிரிக்கு மேல் சூடாகத் தொட்டிப் பக்கம் வரும். கடும் உழைப்பின்போது அதைவிடவும் கூடும். காப்புறையாக வரும் பாலிஎத்திலீன் நுரை அந்த வெப்பத்தில் நாளடைவில் சுருங்கி, இணைப்புகளில் வாய் பிளக்கும். நைட்ரைல் ரப்பர் நுரை பொதுவாக 105 டிகிரி வரை தாங்கும். இபிடிஎம் ரப்பர் நுரை அதற்கும் மேலே தாங்கும். உறையின் மேலோ அதன் விவரத்தாளிலோ வெப்ப வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் மாட்டவிட வேண்டும். இரண்டு குழாய்களுக்கும் தனித்தனி உறை வேண்டும். ஒரே உறைக்குள் இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் போகும் வெப்பம் திரும்பி வரும் குழாய்க்கே தாவிவிடும்.

இரண்டாம் படி: பாதையை நடந்து பார்த்து வரைவது

ஒரு காகிதத்தில் வீட்டின் வெளிச்சுவரை வரைந்துகொண்டு, இயந்திரம் நிற்குமிடத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள குளியலறை வரை நடந்து பாருங்கள். குழாயின் நீளம் வெப்ப இழப்பை மட்டுமல்ல, சுடுநீருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் முடிவுசெய்கிறது. 22 மில்லிமீட்டர் செப்புக் குழாய் ஒரு மீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டருக்குச் சற்றே குறைவான தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். பன்னிரண்டு மீட்டர் தூரம் என்றால் கிட்டத்தட்ட 3.8 லிட்டர் ஆறிய தண்ணீர் போன பிறகுதான் சூடு வந்துசேரும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் ஷவரில் அது அரை நிமிடம். 15 மில்லிமீட்டர் குழாயில் அந்த அளவு பாதிக்கும் குறைவு. ஆகவே ஒரே ஒரு குளியலறைக்குப் பிரிந்து போகும் கிளைக்குத் தடித்த குழாய் போடுவது தாராளம் போலத் தெரிந்தாலும், தினமும் தண்ணீரையும் வெப்பத்தையும் சேர்த்து வடிகாலில் விடுவதாகும்.

எந்தச் சுவர் என்பதையும் யோசிக்க வேண்டும். வடக்குப் பார்த்த சுவரில் எப்போதும் நிழல் என்று நம்புவதற்குச் சிங்கப்பூரில் இடமில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 பாகைதான் வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை சூரியன் வடக்குச் சுவரையும், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்குச் சுவரையும் காய்ச்சும். மேற்குச் சுவர் ஆண்டு முழுவதும் பிற்பகல் வெயிலை வாங்கும். அதே மேற்குப் பக்கத்திலிருந்துதான் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் விடியற்காலைகளில் சுமத்ரா சூறைக்காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு வருகிறது. தேர்ந்தெடுக்க வழியிருந்தால் கூரை நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தையோ, கார் நிறுத்தும் கூரையின் அடியையோ எடுங்கள். இரண்டு மீட்டர் நீளம் கூடினாலும் பரவாயில்லை.

அண்டை வீட்டோடு பகிரும் சுவரில் பிராக்கெட் அடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. எல்லைக் கோட்டுக்கு அப்பால் குழாயோ தகடோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டைச் சுற்றியுள்ள மழைநீர்க் கால்வாய்க்குள் குழாயைப் படுக்கவைத்து மறைக்கும் யோசனையை யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். கால்வாய் அடைபடும், உறை நனைந்தே கிடக்கும். மண்ணுக்கடியில் புதைப்பதும் நம் ஈர மண்ணில் கடைசி வழியாகத்தான் இருக்கவேண்டும். கட்டாயமானால், தொழிற்சாலையிலேயே காப்பு நுரையும் கெட்டியான வெளியுறையும் சேர்த்து வார்க்கப்பட்ட குழாயைத்தான் புதைக்கலாம். சுவரில் மாட்டும் நுரைக் குழலை அல்ல.

இயந்திரத்தின் விசிறி எந்தப் பக்கம் காற்றைத் தள்ளுகிறது என்றும் பாருங்கள். ஹீட் பம்ப் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் வெளியே தள்ளும் காற்று சுற்றுப்புறத்தைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். சிங்கப்பூர்க் காற்றிலுள்ள ஈரம் 24, 25 டிகிரியிலேயே நீர்த்துளியாகப் படியத் தொடங்கிவிடும். விசிறிக்கு நேர் எதிரே குழாயைக் கொண்டுபோனால், சூடான குழாய் குளிர்க்காற்றில் வெப்பத்தை இழப்பது ஒருபுறமிருக்க, அங்குள்ள இரும்புப் பிராக்கெட்டும் திருகாணியும் இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் வியர்த்துச் சொட்டும். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். மாறாக, ஏர்கானின் வெளியியந்திரம் சூடான காற்றைத் தள்ளும் பக்கத்தில் ஹீட் பம்பின் காற்று உள்ளிழுக்கும் வாய் இருந்தால், உற்பத்தியாளர் கேட்கும் இடைவெளி இருக்கும்வரை, அது ஆதாயம்தான்.

மூன்றாம் படி: குழாயும் உறையும்

செப்பு, துருப்பிடிக்காத எஃகு, வெப்பந்தாங்கும் பிளாஸ்டிக்கான பிபிஆர் ஆகிய மூன்றும் சந்தையில் கிடைக்கும். வெளிச்சுவருக்கு என் தேர்வு செப்பு. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் எஃகுதானே நல்லது என்று பலர் கேட்பர். ஆனால் உப்பு கலந்த ஈரம் உறைக்குள் புகுந்து, 50, 60 டிகிரி வெப்பத்தில் எஃகின் மேல் தேங்கி நின்றால், சாதாரண 304 ரகம் உறைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் புள்ளிபுள்ளியாக அரிக்கப்படும். 316 ரகம் அதைவிட நன்றாகத் தாங்கும். பிபிஆர் விலை மலிவு, அரிப்பும் இல்லை. அதன் குறை நீட்சியில் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். பிபிஆர் வெயிலையும் தாங்காது. எனவே ஓர் அங்குலம்கூட வெளியே தெரியாமல் மூடவேண்டும்.

உறையின் தடிப்பைப் பொறுத்தவரை, முன்னர் சொன்ன அதே 22 மில்லிமீட்டர் குழாயில் 55 டிகிரித் தண்ணீர் இருக்கும்போது, மீட்டருக்கு 19 வாட் என்றிருந்த இழப்பு 13 மில்லிமீட்டர் நுரையால் 7 வாட்டாகவும், 19 மில்லிமீட்டரால் 6 வாட்டுக்குச் சற்றுக் கீழும், 25 மில்லிமீட்டரால் 5 வாட்டாகவும் குறையும். முதல் 13 மில்லிமீட்டரே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. வெளிச்சுவருக்கு 19 மில்லிமீட்டர் போதுமானது. அதற்கு மேல் தடிப்புக்குக் கொடுக்கும் பணத்தை மேலுறைக்குக் கொடுங்கள். தண்ணீர் வெப்பத்தைக் கடத்தும் திறன் உலர்ந்த நுரையைப்போல் ஏறத்தாழ பதினைந்து மடங்கு. 25 மில்லிமீட்டர் உறை நனைந்துவிட்டால், நனையாத 13 மில்லிமீட்டர் உறைக்கு முன் அது நிற்காது.

குளிர்நீர் வரும் குழாய்க்கும் தொட்டியிலிருந்து முதல் ஒரு மீட்டர் தூரத்துக்கு உறை போடச் சொல்லுங்கள். தொட்டியின் வெப்பம் உலோகத்தின் வழியே பின்னோக்கி ஊர்ந்து வெளியேறுவதை அது தடுக்கும். தொட்டியின் உச்சியிலிருந்து சுடுநீர்க் குழாய் நேரே மேலே ஏறினால், யாரும் தண்ணீர் திறக்காத நேரத்திலும் சூடான நீர் குழாய்க்குள் மேலேறி ஆறிக் கீழிறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே வந்தவுடன் ஒரு முறை கீழ்நோக்கி வளைத்துப் பிறகு மேலே கொண்டுபோனால் அந்த ஓட்டம் நின்றுவிடும். செலவு சில எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) மட்டுமே.

நான்காம் படி: சுவரில் துளை

22 மில்லிமீட்டர் குழாய்க்கு 19 மில்லிமீட்டர் உறை போட்டால் வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர். துளை அதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்து, உறை அறுபடாமல் சுவரைத் தாண்டிப் போகவேண்டும். துளையைச் சிறிதாகப் போட்டுவிட்டு, சுவருக்குள் மட்டும் உறையை உரித்துவிட்டுக் குழாயை நுழைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பூச்சு பூசிய பிறகு அது யாருக்கும் தெரியாது. எனவே துளை போடும் நாளில் வீட்டில் இருங்கள்.

துளை வெளிப்பக்கம் தாழ்ந்து சாய்ந்திருக்கட்டும். அதற்குள் ஒரு பிவிசி குழாய்த் துண்டைச் செருகி, இரு முனைகளையும் வெயில் தாங்கும் சீலண்டால் அடைக்கவேண்டும். செங்கல் சுவரில் இது எளிது. தூணிலும் உத்திரத்திலும், பொறியாளர் பார்த்து ஒப்பாமல், கோர் டிரில் படவே கூடாது.

ஐந்தாம் படி: தாங்கிகளும் நீட்சியும்

22 மில்லிமீட்டர் செப்புக் குழாய்க்குப் படுக்கையாக 1.8 மீட்டருக்கு ஒன்று, செங்குத்தாக 2.4 மீட்டருக்கு ஒன்று எனத் தாங்கி வேண்டும். 15 மில்லிமீட்டருக்கு 1.2, 1.8 மீட்டர். சாதாரணக் கிளாம்பை நுரையின் மேலேயே இறுக்கினால், அந்த இடத்தில் 19 மில்லிமீட்டர் நுரை நசுங்கி ஐந்தாறு மில்லிமீட்டராகிவிடும். காலப்போக்கில் உறை கிழிந்து தண்ணீர் உள்ளே போக அதுவே வழியாகும். கிளாம்பை நேரே குழாயில் மாட்டிவிட்டு இரு பக்கமும் உறையை நிறுத்துவது அதைவிட மோசம், ஏனெனில் ஒவ்வொரு கிளாம்பும் வெப்பத்தைச் சுவருக்குக் கடத்தும். கெட்டியான காப்புத் துண்டு நடுவில் வைக்கப்பட்ட கிளாம்புகள் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கி, உறையின் முனைகளை அந்தத் துண்டின் இரு பக்கமும் ஒட்டச் சொல்லவேண்டும். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கிழக்குக் கரையிலோ செந்தோசாவிலோ வீடு என்றால் 316 ரகம்.

இப்போது நீட்சி. பத்து மீட்டர் செப்புக் குழாய் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். கண்ணாடியிழை சேர்த்த பிபிஆர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். எதுவும் சேர்க்காத பிபிஆர் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளும். நேர்க்கோட்டில் இறுக்கிப் பூட்டியிருந்தால் அது பாம்பைப்போல் வளைந்து, மேலே போட்ட தகட்டையே பிளந்துவிடும். ஆகவே நீண்ட ஓட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் குழாயை அசையாமல் பூட்டி, மற்றத் தாங்கிகளில் நழுவ விடவேண்டும். மூலையில் திரும்பும் இடத்தில் குழாய் அசைய இடம் வேண்டும். செப்புக்குப் பெரும்பாலான தரைவீடுகளில் இயல்பான திருப்பங்களே போதும்.

இயந்திரத்தோடு சேரும் முதல் அரை மீட்டருக்கு எஃகுப் பின்னல் போட்ட வளையும் குழாய் வைத்தால், கம்ப்ரஸரின் அதிர்வு சுவருக்கு ஏறாது. பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சுவர் அருகில் இருந்தால் இது முக்கியம். அந்த வளையும் துண்டுக்கும் உறை வேண்டும். பலரும் அதை மட்டும் வெறுமனே விட்டுவிடுகிறார்கள்.

ஆறாம் படி: உறை மாட்டுதல்

இந்த வேலையில் மிக அதிகக் கவனம் தேவைப்படுவது இங்கேதான். நுரைக் குழலைப் பிளந்து குழாயின் மேல் கவிழ்ப்பதைவிட, குழாய்களை இணைக்குமுன்பே பிளக்காத குழலை அதில் கோத்து நகர்த்திவிடுவது நல்லது. ஒட்டவேண்டிய நீண்ட வெட்டே இருக்காது. இணைப்புச் சூடு வைக்கும்போது குழலை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி ஈரத்துணி சுற்றிவைக்க வேண்டும். இணைப்புகளை அழுத்தச் சோதனை முடியும்வரை மூடக்கூடாது. மூடிய இணைப்பில் கசிவைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

பிளந்த குழலைத்தான் மாட்டவேண்டும் என்றால் வெட்டு சுவரைப் பார்த்தோ கீழ்ப்பக்கமோ இருக்கட்டும். மேல்பக்கம் இருந்தால் மழைக்கு வாசல் திறந்துவைத்தது போலாகும். ஒட்டும் முறை இதுதான்: இரு விளிம்புகளிலும் பசையை மெல்லியதாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு முனைகளை முதலில் சேர்த்து, நடுவை அடுத்துச் சேர்த்து, எஞ்சியதை அழுத்திக்கொண்டே வரவேண்டும். ஈரப் பசையோடு சேர்த்தால் சில வாரங்களில் வாய் திறந்துகொள்ளும். நம் ஈரக் காற்றில், குறிப்பாக மழை பெய்து ஓய்ந்த உடனே, பசை காய்வதற்கு டப்பாவில் எழுதியிருப்பதைவிட நேரமாகும். அவசரப்படும் பணியாளர் டேப்பை இழுத்துச் சுற்றி மறைத்துவிடப் பார்ப்பார். டேப் பசைக்கு மாற்று அல்ல. வெயிலில் அதுவே முதலில் உரிந்து தொங்கும். பசை இறுகும்வரை, அதாவது குறைந்தது ஒரு நாளைக்கு, குழாயில் சுடுநீர் விடவேண்டாம்.

துண்டுகளை இழுத்துச் சேர்க்கவே கூடாது. இடைவெளியைவிட அரை சென்டிமீட்டர் நீளமாக வெட்டி, நெருக்கி உட்காரவைத்தால், நுரை பின்னாளில் சற்றுச் சுருங்கினாலும் இணைப்பு பிரியாது. எல்போ வரும் இடங்களில் குழலை வளைத்து விடாமல், 45 டிகிரியில் வெட்டிய இரு துண்டுகளை ஒட்டி மூட்டு செய்யவேண்டும். வளைத்தால் உள்வளைவில் மடிப்பு விழும், வெளிவளைவில் நுரை மெலிந்துபோகும்.

கொஞ்சம் அனுபவமுள்ளவர் செய்யும் இன்னொன்று உண்டு: சில மீட்டருக்கு ஓர் இடத்தில் உறையின் உட்பக்கத்தைக் குழாயோடேயே சுற்றி ஒட்டிவிடுவார். எங்காவது தண்ணீர் புகுந்தாலும் அது குழாயின் நீளம் முழுவதும் ஓடாமல் அந்தப் பகுதிக்குள்ளேயே நின்றுவிடும். செங்குத்தாக இறங்கும் குழாயில் இதைக் கட்டாயம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். வால்வுகளுக்குக் கழற்றி மாட்டும் உறை போதும். நிரந்தரமாக ஒட்டிவிட்டால், அடுத்த முறை வால்வை மூட வருகிறவர் கத்தியால் கிழித்துவிட்டு அப்படியே போய்விடுவார்.

ஏழாம் படி: மேலுறை

கறுப்பு ரப்பர் நுரையை வெளிச்சுவரில் அப்படியே விட்டால், புறஊதாக் கதிர்கள் அதன் தோலை இறுக்கி, வெளுக்கவைத்து, முதலை முதுகுபோல் வெடிக்கவைக்கும். சிங்கப்பூரில் புறஊதாக் குறியீடு நண்பகலில் 11ஐத் தாண்டுவது சாதாரணம். ஆகவே உறை மாட்டிய சில நாள்களுக்குள்ளேயே மேலுறை வந்துவிட வேண்டும். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சுக்கு இடங்கொடுக்காமல், கடைசித் தவணைப் பணத்தை அதனோடு இணைத்துவிடுங்கள்.

மூன்று வழிகள் உள்ளன. நுரைக்கென்றே விற்கும் நீர்ப்பூச்சை இரண்டு கை அடிப்பது மலிவானது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவேண்டும், மைனாவும் அணிலும் கொத்திக் கிழிப்பதை அது தடுக்காது. குழாயை மூடும் பெட்டி போன்ற வெள்ளைப் பிவிசி ட்ரங்கிங் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். ஏர்கான் கடைகளில் எளிதில் கிடைக்கும். வெளிப்புறத்துக்கென்று தயாரிக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் போடும் ரகம் வெயிலில் மஞ்சளாகி, மூடியைத் திறக்கும்போதே நொறுங்கும். ட்ரங்கிங்கின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிதுளை போடவேண்டும். உள்ளே புகுந்த மழைநீர் தேங்கினால் உறை நனைவது மட்டுமன்று, கொசுவும் முட்டையிடும். இருபது காசு நாணயம் அளவு நீர் இருந்தாலே ஏடிஸ் கொசுவுக்குப் போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிக்கொண்டிருப்பது குழாய் மூடிக்கும் பொருந்தும்.

மூன்றாவது அலுமினியத் தகடு. விலை கூடுதல், ஆனால் மேற்குச் சுவருக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். இதில் பார்க்கவேண்டியது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் திசை: செங்குத்துக் குழாயில் மேல்தகடு கீழ்த்தகட்டின் வெளிப்புறமாக இறங்கவேண்டும். கூரை ஓட்டை அடுக்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும். ஆனாலும் கீழிருந்து மேலே ஏணியில் ஏறிக்கொண்டே பொருத்தும் அவசரத்தில் தலைகீழாகிவிடும். படுக்கைக் குழாயில் தையல் பக்கவாட்டில் தாழ்ந்து, மழை வரும் திசைக்கு மறுபுறம் இருக்கவேண்டும். தகட்டைப் பூட்டும் திருகாணி நீளமாக இருந்தால் நுரையைத் தாண்டிக் குழாயையே துளைக்கக்கூடும். குட்டை ஆணியோ ரிவெட்டோ போடச் சொல்லுங்கள்.

மின்கம்பியையும் உணரி கம்பியையும் சுடுகுழாயோடு சேர்த்துக் கட்டக்கூடாது. தனிக் குழாயில் கொஞ்சம் தள்ளிப் போகட்டும்.

எட்டாம் படி: வடிநீர், பாதுகாப்பு வால்வு

ஹீட் பம்ப் ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் அதன் குளிர்ச்சுருளில் படிந்து வடியும். நம் ஊரில் அது சொட்டு அளவில் நிற்காது. அந்த வடிகுழாய் தொடர்ந்து சரிவாக இறங்கி, கழிவுநீரோடு சேரும் தரைவடிகால் வாயில் முடியவேண்டும். நடைபாதையிலோ அண்டை வீட்டுப் பக்கமோ சொட்டவிட்டால் பாசியும் சண்டையும் சேர்ந்து வளரும்.

தொட்டியின் வெப்ப அழுத்தப் பாதுகாப்பு வால்விலிருந்து வரும் குழாய் வேறு. அது உலோகமாக இருக்கவேண்டும், வழியில் எந்த வால்வும் இருக்கக்கூடாது, முனை கண்ணுக்குத் தெரியும்படி, ஆனால் யார்மீதும் கொதிநீர் படாத இடத்தில் முடியவேண்டும். அதற்குக் காப்புறை தேவையில்லை.

ஒன்பதாம் படி: சோதனையும் ஒப்படைப்பும்

தண்ணீர்க் குழாயை இயங்கும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் நிறுத்தி, அழுத்தமானியின் முள் அசையாமல் இருப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். குளிரூட்டிக் குழாய் என்றால் நைட்ரஜனால் அழுத்தச் சோதனையும், பிறகு வெற்றிடப் பம்பால் காற்றும் ஈரமும் உறிஞ்சியெடுப்பதும் நடக்கவேண்டும். குளிரூட்டியைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவதை ஏற்காதீர்கள். மூடுமுன் ஒவ்வோர் இணைப்பையும், சுவர்த் துளையின் உட்புறத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பின்னாளில் எங்கே துளை போடலாம், எங்கே கூடாது என்று தெரிய அது உதவும்.

சுடுநீர் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, வெயில் இல்லாத நேரத்தில், மேலுறை நெடுகக் கையை வைத்துக்கொண்டே நடந்து பாருங்கள். எங்கும் ஒரே அளவு மிதச்சூடாக இருக்கவேண்டும். ஓரிடம் மட்டும் பளிச்சென்று சுட்டால் அங்கே இடைவெளியோ நசுங்கலோ உண்டு. பெரும்பாலும் அது கிளாம்பிலோ எல்போவிலோ சுவர்த் துளையின் வாயிலோ இருக்கும்.

இதே சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் மார்ச் மாதத்தில் செய்வது வசதி. கையோடு சீலண்ட் வெடித்திருக்கிறதா, வடிதுளை அடைபட்டிருக்கிறதா, ட்ரங்கிங் முனையில் எறும்பு வரிசை நுழைகிறதா, கிளாம்புக்குக் கீழே சுவரில் பச்சைக் கறை இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். பச்சைக் கறை என்றால் செப்பின்மேல் நீண்ட நாளாக ஈரம் நிற்கிறது என்று பொருள். அந்த இடத்தின் உறையை வெட்டித் திறந்து, உலர்த்தி, கசிவு இணைப்பிலிருந்தா மழையிலிருந்தா என்று பார்த்த பிறகே புதுத் துண்டை ஒட்டவேண்டும். நனைந்த நுரையை மேலேயே டேப் சுற்றி மூடினால் ஈரம் வெளியே போக வழியின்றி உள்ளேயே நிற்கும்.